குருதிக்கொடைக்கு முன் உணவும் நீரும்

குருதிக்கொடைக்கு முன் உணவும் நீரும் உட்கொள்ளல் என்பது, குருதி வழங்க வரும் ஒருவர் கொடைக்கு முந்திய நாட்களிலும் கொடை நாளன்றும் போதிய அளவு உண்டும் பருகியும் தம் உடலை ஆயத்தப்படுத்திக் கொள்வதைக் குறிக்கும். கொடையாளரின் பாதுகாப்புக்காகக் குருதி வங்கிகள் வலியுறுத்தும் நடைமுறைகளுள் இதுவே மிக எளியதும் செலவற்றதும் ஆகும். கொடையின்போதும் அதற்குப் பின்னரும் ஏற்படக்கூடிய மயக்கத்தைக் குறைத்தல், வழங்கப்படும் குருதியின் தரத்தைக் காத்தல், கொடையால் இழக்கப்படும் இரும்புச்சத்தை ஈடுசெய்தல் ஆகிய மூன்றும் இதன் நோக்கங்கள் ஆகும்.

இம்மூன்றும் வெவ்வேறு கால அளவுகளில் செயற்படுகின்றன. அருந்திய நீர் சில நிமிடங்களில் பயன் தருகிறது. உண்ட உணவு சில மணி நேரத்திற்கு உடலைத் தாங்குகிறது. இரும்புச்சத்தோ பல வாரங்களிலும் மாதங்களிலுமே சேர்கிறது. இவ்வேறுபாட்டை அறியாமையால், குருதிச் சோதனைக்குச் செல்வதைப் போல வெறும் வயிற்றுடன் வருதல், ஈமோகுளோபின் அளவை உயர்த்தும் நோக்கில் கொடை நாளன்று காலையில் மட்டும் பழச்சாறு அருந்துதல் போன்ற தவறுகள் நேர்கின்றன.

கொடையின்போது உடலில் நிகழ்வன

வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள குருதியின் அளவு அவரது எடையைப் பொறுத்தது. ஆண்களுக்குக் கிலோகிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ 70 மில்லிலீட்டரும், பெண்களுக்கு அதைவிடச் சற்றுக் குறைவாகவும் குருதி இருக்கும். எனவே 60 கிலோகிராம் எடையுள்ள ஓர் ஆணின் உடலில் சுமார் 4.2 லீட்டர் குருதி உள்ளது. அவர் 450 மில்லிலீட்டர் வழங்கினால் மொத்தக் குருதியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை அளிக்கிறார். பொதுவாக ஒரு கொடையில் எடுக்கப்படும் அளவு கொடையாளரின் மொத்தக் குருதியில் 13 விழுக்காட்டை மீறக்கூடாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டல் ஆகும். எடை குறைந்தோரிடம் அதே அளவு குருதி எடுக்கப்படும்போது இழப்பின் விகிதம் கூடுகிறது. குறைந்த அளவு எடைக்கு எல்லை விதிக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

குருதியில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பகுதி பிளாசுமா எனப்படும் குருதி நீர்மம் ஆகும். இந்நீர்மத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே. எஞ்சியவை புரதங்கள், உப்புகள், குளுக்கோசு முதலியன. குருதியின் மற்றப் பகுதியில் பெரும்பாலானவை செங்குருதியணுக்கள். கொடைக்குப் பின் இவ்விரு பகுதிகளும் ஒரே வேகத்தில் மீள்வதில்லை. நீர்மப் பகுதி ஒன்று முதல் இரண்டு நாட்களுக்குள் ஈடு செய்யப்படுகிறது. செங்குருதியணுக்கள் பழைய அளவை அடையச் சில வாரங்கள் ஆகும். அவற்றை ஆக்குவதற்கு வேண்டிய இரும்புச்சத்தின் சேமிப்பு நிரம்புவதற்கு அதனினும் நீண்ட காலம் தேவைப்படும்.

மயக்கம் ஏற்படும் விதம்

குருதிக் கொடையாளர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு எவ்விதத் தொல்லையும் ஏற்படுவதில்லை. சிலருக்குத் தலைச்சுற்றல், வியர்வை, குமட்டல், முகம் வெளிறுதல், பார்வை மங்கல் ஆகியவை தோன்றும். மிகச் சிலர் நினைவிழப்பர். இது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நிகழ்கிறது. எனினும் மயங்கி விழுபவருக்குத் தலையிலோ பல்லிலோ அடிபட நேரலாம். மேலும், முதல் கொடையில் மயங்கியவர்கள் மீண்டும் கொடை வழங்க முன்வருவது குறைவு. எனவே இது கொடையாளரின் நலனை மட்டுமன்றி, பிற்காலத்தில் குருதி தேவைப்படும் நோயாளிகளையும் பாதிக்கும் ஒன்றாகும்.

இத்தகைய மயக்கம் பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் எதிர்வினையால் ஏற்படுகிறது. குருதியின் அளவு குறையும்போது பரிவு நரம்புகள் குருதிக் குழாய்களைச் சுருக்கியும் இதயத்தை விரைவுபடுத்தியும் குருதி அழுத்தத்தைத் தக்கவைக்கின்றன. சிலரிடம், சில வேளைகளில், இந்த ஏற்பாடு திடீரெனத் தளர்ந்துவிடுகிறது. பரிவு நரம்புகளின் இயக்கம் குறைய, வேகசு நரம்பின் இயக்கம் மிகுகிறது. குருதிக் குழாய்கள் விரிகின்றன, இதயத் துடிப்பு மந்தமாகிறது, அழுத்தம் வீழ்கிறது, மூளைக்குச் செல்லும் குருதி குறைகிறது. அச்சம், ஊசியையோ குருதியையோ காண்பதால் எழும் மனக்கலக்கம், வலி ஆகியவையும் இதே எதிர்வினையைத் தூண்ட வல்லவை.

பின்வருவோர்க்கு மயக்கம் ஏற்படும் வாய்ப்பு ஒப்பீட்டளவில் மிகுதி:

- இளம் வயதினர்
- முதன்முறையாகக் குருதி வழங்குவோர்
- எடை குறைந்தோர். ஆகவே உடலில் குருதியின் மொத்த அளவு குறைந்தோர்
- பெண்கள்
- முன்பு ஒருமுறை கொடையின்போது மயங்கியோர்
- போதிய உறக்கமோ உணவோ இன்றி வருவோர்

கல்லூரிகளில் நடைபெறும் முகாம்களுக்கு வரும் மாணவர்கள் பலரிடம் இக்காரணிகளில் பலவும் ஒருங்கே அமைந்துள்ளன. வயது, எடை, முதற்கொடை ஆகியவற்றை அவர்களால் மாற்ற இயலாது. உணவு, நீர், உறக்கம் ஆகியவற்றை மாற்ற இயலும். குருதி வங்கிகள் இவற்றை வலியுறுத்துவதன் பொருள் இதுவே.

நீர் அருந்துதல்

கொடைக்கு முன் அருந்தும் நீர் இரு வழிகளில் உதவுகிறது. முதலாவது, முந்திய நாளிலிருந்தே போதிய நீர் அருந்தியவரின் உடலில் நீர்ப்பற்றாக்குறை இருப்பதில்லை. எனவே இழக்கப்படும் நீர்மத்தைத் திசுக்களிலிருந்து ஈடுசெய்வது உடலுக்கு எளிதாகிறது. நாளங்கள் நிறைந்திருப்பதால் ஊசி செலுத்துவதும் எளிதாகும்.

இரண்டாவது, அவ்வளவாக அறியப்படாதது. குறுகிய நேரத்தில் அரை லீட்டர் அளவு வெறும் நீரைப் பருகும்போது பரிவு நரம்புகள் தூண்டப்படுகின்றன. இத்தூண்டல் சில நிமிடங்களில் தொடங்கி, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் உச்சத்தை எட்டி, ஒரு மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ நீடிக்கும். நீர் முழுவதும் குடலில் உறிஞ்சப்பட்டுக் குருதியின் அளவைக் கூட்டுவதற்கு முன்னரே இது நிகழ்கிறது. இக்காரணத்தால் கொடை தொடங்குவதற்குச் சற்று முன்னதாக நீர் அருந்துவது தனிப் பயன் உடையது. இரண்டு மணி நேரத்திற்கு முன் அருந்திய நீர் இந்த இரண்டாவது பயனைத் தருவதில்லை.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2007 இல் வெளியான ஓர் ஆய்வில், கொடைக்கு முன் 473 மில்லிலீட்டர் நீர் அருந்தியவர்களிடம் மயக்கம் சார்ந்த எதிர்வினைகள் 21 விழுக்காடு குறைந்திருந்தமை கண்டறியப்பட்டது. இதுபோன்ற ஆய்வுகளின் அடிப்படையில் ஐக்கிய இராச்சியம், கனடா உள்ளிட்ட நாடுகளின் குருதிச் சேவைகள் கொடைக்குச் சற்று முன்னர் சுமார் 500 மில்லிலீட்டர் நீர் அருந்துமாறு கொடையாளர்களை அறிவுறுத்துகின்றன. இரண்டு பெரிய குவளை நீர் இவ்வளவுக்கு ஈடாகும்.

வெப்ப நாடுகளில், குறிப்பாகக் கோடைக்காலத்தில், வியர்வையால் இழக்கப்படும் நீரையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெயிலில் நெடுந்தொலைவு நடந்தோ இருசக்கர வண்டியில் பயணித்தோ முகாமுக்கு வருவோர், சிறிது நேரம் நிழலில் அமர்ந்து நீர் அருந்திய பின்னரே கொடைக்குச் செல்வது நன்று. சிறுநீர் வெளிர்நிறமாக இருப்பது உடலில் போதிய நீர் உள்ளமைக்கு எளிய அடையாளமாகும்.

உப்பின் பங்கு

உடலில் நீரைத் தக்கவைப்பதில் உப்புக்கு முதன்மைப் பங்கு உண்டு. 450 மில்லிலீட்டர் குருதியில் ஏறத்தாழ 250 மில்லிலீட்டர் நீர்மம் உள்ளது. அதனுடன் ஏறத்தாழ 2 கிராம் உப்பும் உடலிலிருந்து வெளியேறுகிறது. நீரை மட்டும் மிகுதியாக அருந்தினால் அதன் பெரும்பகுதியைச் சிறுநீரகங்கள் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடும். உணவிலிருந்து சிறிது உப்பும் கிடைக்குமானால் நீர் குருதிக் குழாய்களில் நீண்ட நேரம் தங்கும். இக்காரணத்தால் கனடியக் குருதிச் சேவை கொடைக்கு முன் நீருடன் உப்புச் சுவையுள்ள சிற்றுண்டியையும் பரிந்துரைக்கிறது.

தமிழர் உணவு வழக்கில் உப்பிட்ட மோர், உப்பிட்ட கஞ்சி, உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு ஆகியவை இதற்குப் பொருத்தமானவை. இளநீர் நல்ல நீர்மமே ஆயினும் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. எனவே உப்பை ஈடுசெய்ய அது மட்டும் போதாது. உயர் குருதி அழுத்தம் உடையோர் இதற்காக உப்பைக் கூட்டிக்கொள்ளலாகாது. வழக்கமான உணவே அவர்களுக்குப் போதுமானது.

கொடைக்கு முந்திய உணவு

கொடைக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரத்திற்குள் மிதமான அளவில் ஓர் உணவு உட்கொண்டிருப்பது நன்று. இட்லி, இடியாப்பம், எண்ணெய் குறைந்த தோசை, சோறும் பருப்பும், சப்பாத்தியும் பயறும், அவித்த முட்டை, பழங்கள் போன்ற எளிதில் செரிக்கும் உணவுகள் ஏற்றவை. புரதமும் மாவுப்பொருளும் கலந்த உணவு, இனிப்பு மட்டும் உள்ள உணவைவிட நீண்ட நேரம் ஆற்றல் தரும்.

பசியுடன் குருதி வழங்கினால் குருதியில் உள்ள சர்க்கரை குறைந்து மயக்கம் வரும் என்று பொதுவாகக் கூறப்படுவதுண்டு. இது பகுதியளவே உண்மை. உடல்நலமுள்ள ஒருவர் ஒருவேளை உண்ணாவிட்டாலும், கல்லீரலில் கிளைக்கோசனாகச் சேமிக்கப்பட்டுள்ள மாவுப்பொருள் குளுக்கோசாக மாறிக் குருதிச் சர்க்கரையை நிலைநிறுத்துகிறது. எனவே மயக்கத்துக்கு முதன்மைக் காரணம் சர்க்கரைக் குறைவன்று, முன்னர் விளக்கப்பட்ட நரம்பு எதிர்வினையே ஆகும். ஆயினும் உண்ணாதவர் பெரும்பாலும் நீரும் அருந்தியிருப்பதில்லை. உணவிலிருந்து கிடைக்கும் உப்பும் அவருக்குக் கிடைப்பதில்லை. பசியும் சோர்வும் மனக்கலக்கத்தைக் கூட்டுகின்றன. இவை ஒன்றுசேர்ந்து எதிர்வினைக்கு வழிவகுக்கின்றன.

மறுபுறம், வயிறு நிறைய உண்ட உடனே குருதி வழங்குவதும் ஏற்றதன்று. உணவு செரிக்கும்போது குருதியின் ஒரு பகுதி குடலை நோக்கித் திருப்பப்படுகிறது. அதே நேரத்தில் குருதி எடுக்கப்பட்டால் குமட்டலும் வாந்தியும் ஏற்படலாம். பேருணவு உண்டவர் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் காத்திருப்பது நலம். உண்ணாமல் முகாமுக்கு வந்துவிட்டவர் அதை மறைக்காமல் பணியாளரிடம் தெரிவித்து, சிற்றுண்டியும் நீரும் உட்கொண்டு, சிறிது நேரம் கழித்துக் கொடையளிக்கலாம்.

குருதிச் சோதனையுடன் ஏற்படும் குழப்பம்

சர்க்கரை, கொழுப்பு போன்ற சில சோதனைகளுக்கு 8 முதல் 12 மணி நேரம் உண்ணாமல் இருந்து குருதி கொடுக்க வேண்டியுள்ளது. அவ்வழக்கத்தை நினைவில் கொண்டு சிலர் குருதிக்கொடைக்கும் வெறும் வயிற்றுடன் வருகின்றனர். இவ்விரண்டும் முற்றிலும் வேறானவை. சோதனைக்கு எடுக்கப்படும் குருதி சில மில்லிலீட்டர் மட்டுமே. கொடையில் எடுக்கப்படுவது 350 அல்லது 450 மில்லிலீட்டர். கொடைக் குருதியில் செய்யப்படும் சோதனைகள் குருதி வகையையும், எச்.ஐ.வி., எப்பட்டைட்டிசு பி, எப்பட்டைட்டிசு சி, சிபிலிசு, மலேரியா முதலிய தொற்றுகளையும் அறிவதற்கானவை. அவற்றுக்கு உண்ணாதிருத்தல் தேவையில்லை.

கொழுப்பு மிகுந்த உணவும் குருதியின் தரமும்

உணவில் உள்ள கொழுப்பு குடலில் உறிஞ்சப்பட்டு, கைலோமைக்ரான்கள் எனப்படும் நுண்துளிகளாகக் குருதியில் கலக்கிறது. கொழுப்பு மிகுந்த உணவு உண்ட மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் இவற்றின் அளவு உச்சத்தை அடைகிறது. அந்நேரத்தில் எடுக்கப்படும் குருதியின் நீர்மம், இயல்பான தெளிந்த வைக்கோல் நிறத்தை இழந்து பால் போலக் கலங்கியிருக்கும்.

இக்கலங்கல் கொடையாளருக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் குருதி வங்கிக்கு இடர் விளைவிக்கிறது. ஒளியை ஊடுருவச் செய்து அளவிடும் சோதனைகள் பிழையான முடிவைத் தரலாம். மிகவும் கலங்கிய நீர்மத்தையும் குருதிச் சிறுதட்டுகளையும் நோயாளிக்குச் செலுத்தாமல் விலக்கிவிட நேரும். ஒரு கொடையிலிருந்து செங்குருதியணுக்கள், நீர்மம், சிறுதட்டுகள் எனப் பல கூறுகள் பிரிக்கப்பட்டு வெவ்வேறு நோயாளிகளுக்கு வழங்கப்படுவதால், ஒரு கூறு வீணானாலும் ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய உதவி இழக்கப்படுகிறது.

எனவே கொடை நாளன்று நெய் மிகுந்த வெண்பொங்கல், வடை, பூரி, பிரியாணி, பொரித்த இறைச்சி போன்றவற்றைத் தவிர்த்தல் நன்று. நன்றாக உண்டு வருமாறு கூறப்படும் அறிவுரை, எண்ணெய்ப் பண்டங்களை மிகுதியாக உண்பதைக் குறிப்பதன்று.

இரும்புச்சத்து

ஈமோகுளோபின் ஒவ்வொரு கிராமிலும் ஏறத்தாழ 3.4 மில்லிகிராம் இரும்பு உள்ளது. இதன்படி 450 மில்லிலீட்டர் குருதியுடன் சுமார் 200 மில்லிகிராமும், 350 மில்லிலீட்டர் குருதியுடன் சுமார் 150 மில்லிகிராமும் இரும்பு உடலிலிருந்து வெளியேறுகிறது. உடல் ஒரு நாளில் உணவிலிருந்து உறிஞ்சுவது பொதுவாக 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. சேமிப்புக் குறையும்போது உறிஞ்சும் அளவு ஓரளவு கூடும். எனினும் இழந்ததை ஈடுசெய்யப் பல மாதங்கள் ஆகின்றன.

அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வொன்றில், 215 கொடையாளர்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நாள்தோறும் 37.5 மில்லிகிராம் இரும்பு மாத்திரையாகப் பெற்றனர். மற்றப் பிரிவினர் பெறவில்லை. மாத்திரை பெறாதோரில் மூன்றில் இரு பங்கினர்க்கு 168 நாட்கள் கழிந்த பின்னரும் இரும்புச் சேமிப்பு பழைய அளவை எட்டவில்லை. கொடைக்கு முன் செய்யப்படும் ஈமோகுளோபின் சோதனை இச்சேமிப்பைக் காட்டுவதில்லை. ஈமோகுளோபின் இயல்பான அளவில் இருக்கும்போதே சேமிப்புக் குறைந்திருக்கலாம். பெரிட்டின் என்னும் புரதத்தின் அளவைக் கொண்டே சேமிப்பு அறியப்படுகிறது. இரும்பு மாத்திரைகளை மருத்துவரின் அறிவுரைப்படியே உட்கொள்ள வேண்டும். சில மரபுவழி நோய்கள் உடையோர்க்கு அவை தீங்கு விளைவிக்கும்.

உணவில் உள்ள இரும்பு இருவகைப்படும். இறைச்சி, ஈரல், மீன் ஆகியவற்றில் ஈமோகுளோபினோடும் அதையொத்த புரதங்களோடும் இணைந்த இரும்பு உள்ளது. இது எளிதில் உறிஞ்சப்படும். பயறு, பருப்பு, கீரை, எள், தானியங்கள் ஆகியவற்றில் உள்ள மற்றவகை இரும்பு குறைந்த விகிதத்திலேயே உறிஞ்சப்படுகிறது. ஆயினும் நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா, தக்காளி போன்ற உயிர்ச்சத்து சி நிறைந்த உணவுகளை உடன் சேர்த்தால் அதன் உறிஞ்சல் கூடுகிறது. தேநீர், காப்பி ஆகியவற்றில் உள்ள பொருட்கள் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. எனவே உணவுடனோ உணவு முடிந்த உடனோ தேநீர் அருந்துவதைத் தவிர்த்து, ஒரு மணி நேரம் கழித்து அருந்துவது நன்று. மரக்கறி உணவு மட்டும் உண்போர்க்கு இது மேலும் இன்றியமையாதது. இரும்புச் சட்டியில் புளி சேர்த்துச் சமைக்கும் வழக்கமும் உணவில் இரும்பின் அளவைக் கூட்டுகிறது.

பரவலான நம்பிக்கைகள்

சிவப்பு நிற உணவுகள் குருதியைப் பெருக்கும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. பீட்ரூட்டின் நிறத்துக்குக் காரணம் அதிலுள்ள இயற்கை நிறமிகளே, இரும்பு அன்று. 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராமுக்கும் குறைவான இரும்பே உள்ளது. மாதுளம்பழத்தில் அதனினும் குறைவு. பேரீச்சம்பழத்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் உள்ளது. இவை நல்ல உணவுகளே. ஆயினும் கொடை நாளன்றோ முந்திய நாளோ இவற்றை உண்பதால் ஈமோகுளோபின் உயர்ந்துவிடாது. புதிய செங்குருதியணு உருவாகி முதிர்ந்து குருதியோட்டத்தில் கலக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஈமோகுளோபின் குறைவு எனக் கூறித் திருப்பி அனுப்பப்பட்டவர் மறுநாளே மீண்டும் வருவதில் பயனில்லை. அவர் மருத்துவரை அணுகிக் குறைவுக்கான காரணத்தை அறிந்து, சில வாரங்கள் உணவாலும் மருந்தாலும் அதைச் சீர்செய்ய வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

- மது: மது சிறுநீரைப் பெருக்கி உடலின் நீரைக் குறைக்கிறது, குருதிக் குழாய்களை விரிக்கிறது. மது அருந்திய நிலையில் இருப்பவரின் ஒப்புதலும் செல்லத்தக்கதன்று. முந்திய நாள் முதலே மதுவைத் தவிர்க்க வேண்டும். கொடைக்குப் பின்னரும் அன்று முழுவதும் தவிர்ப்பது நன்று.
- புகைத்தல்: கொடைக்குச் சற்று முன்னரும் பின்னரும் புகைப்பது தலைச்சுற்றலைத் தூண்டக்கூடும்.
- வெறும் தேநீரோ காப்பியோ மட்டும் அருந்தி வருதல்: இவை உணவுக்கு ஈடாகா.
- உறக்கமின்மை: இரவுப்பணி முடிந்தோ இரவு முழுதும் கண்விழித்தோ நேரே கொடைக்கு வருதல் தவிர்க்கத்தக்கது.

நோன்பும் குருதிக்கொடையும்

இந்தியாவின் தேசியக் குருதி ஏற்ற மன்றம் 2017 இல் வெளியிட்ட கொடையாளர் தேர்வு வழிகாட்டல்கள், கொடைக்கு முன்னர் உண்ணாதிருப்போரும் கொடை நாளில் நோன்பு நோற்போரும் குருதி வழங்கலாகாது எனக் கூறுகின்றன. ஏகாதசி, சட்டி, வெள்ளிக்கிழமை போன்ற நாட்களில் நோன்பு நோற்கும் இந்துக்களும், தவக்காலத்தில் உண்ணாநோன்பு கடைப்பிடிக்கும் கிறித்தவர்களும் கொடையை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ரமலான் மாதத்தில் முசுலிம்கள் விடியல் முதல் கதிரவன் மறையும் வரை நீரும் அருந்துவதில்லை. ஆகவே பகலில் கொடையளிப்பது அவர்களுக்கு ஏற்றதன்று. முசுலிம்கள் மிகுதியாக வாழும் பல நாடுகளில் இம்மாதத்தில் கொடையாளர் வரவு குறைவதால், நோன்பு துறந்த பின் மாலையிலும் இரவிலும் முகாம்கள் நடத்தப்படுகின்றன. இம்முகாம்களுக்கு வருவோர் நோன்பு துறந்து, போதிய நீர் அருந்தி, சிறிது நேரம் கழித்துக் குருதி வழங்குகின்றனர்.

சிறப்புக் கவனம் தேவைப்படுவோர்

நீரிழிவு உடையோர்: இந்திய வழிகாட்டல்களின்படி இன்சுலின் செலுத்திக்கொள்வோர் குருதி வழங்க இயலாது. உணவுக் கட்டுப்பாட்டாலோ மாத்திரைகளாலோ நோயைக் கட்டுக்குள் வைத்திருப்போர், வேறு சிக்கல்கள் இல்லையெனில் வழங்கலாம். இவர்கள் மாத்திரையை உட்கொண்டு உணவைத் தவிர்த்து வருவது இடர் மிக்கது. ஏனெனில் சிலவகை மாத்திரைகள் உணவு இல்லாதபோது குருதிச் சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடும்.

சிறுதட்டுக் கொடையாளர்: குருதிச் சிறுதட்டுகளை மட்டும் கருவியின் மூலம் பிரித்தெடுக்கும் கொடை ஒன்று முதல் இரண்டு மணி நேரம் நீடிக்கலாம். குருதி உறையாமல் இருக்கச் சேர்க்கப்படும் சிட்ரேட்டு, குருதியில் உள்ள கால்சியத்தைப் பிணைத்துக்கொள்கிறது. இதனால் உதட்டிலும் விரல் நுனிகளிலும் கூச்ச உணர்வு தோன்றலாம். பால், தயிர், கேழ்வரகு போன்ற கால்சியம் நிறைந்த உணவுகளை முன்னரே உட்கொள்வது பரிந்துரைக்கப்படுகிறது. கூச்ச உணர்வு தோன்றினால் உடனே பணியாளரிடம் கூற வேண்டும்.

சிறுநீரக நோயோ இதய நோயோ உடையோர்: இவர்கள் பொதுவாகக் குருதி வழங்கத் தகுதி பெறுவதில்லை. எனவே நீரையும் உப்பையும் பற்றி இங்குக் கூறப்பட்டவை இவர்களுக்குப் பொருந்தா.

கொடைக்குப் பின்

மயக்கம் பெரும்பாலும் ஊசி செருகப்பட்டிருக்கும்போது வருவதில்லை. கொடை முடிந்து எழும்போதோ, சிற்றுண்டி உண்ணும் இடத்திலோ, சிலருக்கு முகாமை விட்டு நீங்கிய பின்னரோ ஏற்படுகிறது. குருதி வங்கிகள் கொடையாளரைச் சிறிது நேரம் படுக்கையிலேயே இருத்தி, பின்னர் அமரச் செய்து, பழச்சாறும் பிசுக்கட்டும் வழங்குவதன் நோக்கம் வெறும் உபசரிப்பன்று. உண்டும் பருகியும் கொண்டிருக்கும் 10 முதல் 15 நிமிடங்கள், பணியாளர்களின் கண்காணிப்பில் கழியும் நேரம் ஆகும். அவசரமாக எழுந்து செல்வோர் இப்பாதுகாப்பை இழக்கின்றனர்.

கால்களைக் குறுக்காக வைத்துத் தொடைத் தசைகளையும் வயிற்றுத் தசைகளையும் சில நொடிகள் இறுக்கித் தளர்த்துவது, கொடையின்போதும் அதற்குப் பின்னரும் குருதி அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்க உதவும். தலைச்சுற்றல் தோன்றினால் நின்றுகொண்டிருக்காமல் உடனே தரையிலாயினும் படுத்து, கால்களை உயர்த்த வேண்டும். வாகனம் ஓட்டிக்கொண்டிருப்பவர் அதை ஓரமாக நிறுத்த வேண்டும். கொடை நாளன்று வழக்கத்தைவிட மிகுதியாக நீர் அருந்துதல், கடும் உடலுழைப்பைத் தவிர்த்தல், வெயிலில் நெடுநேரம் நில்லாதிருத்தல் ஆகியன பின்பற்றத்தக்கவை.

இந்தியாவிலும் இலங்கையிலும் கொடையாளர் தகுதிகள்

இந்தியாவில் 18 முதல் 65 அகவை வரை உள்ளோர் குருதி வழங்கலாம். முதன்முறை வழங்குவோர் 60 அகவையைக் கடந்திருக்கக்கூடாது. 350 மில்லிலீட்டர் வழங்குவதற்குக் குறைந்தது 45 கிலோகிராம் எடையும், 450 மில்லிலீட்டர் வழங்குவதற்கு 55 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையும் தேவை. ஈமோகுளோபின் அளவு ஆண், பெண் இருபாலர்க்கும் 100 மில்லிலீட்டருக்கு 12.5 கிராமுக்குக் குறையலாகாது. இரு கொடைகளுக்கு இடையே ஆண்களுக்கு 90 நாட்களும் பெண்களுக்கு 120 நாட்களும் இடைவெளி வேண்டும். பெண்களின் இரும்புச் சேமிப்பு குறைவு என்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

இலங்கையில் தேசிய குருதி மாற்றுச் சேவை இப்பணியை மேற்கொள்கிறது. அங்கு இரு கொடைகளுக்கு இடையே நான்கு மாத இடைவெளி கடைப்பிடிக்கப்படுகிறது. 2014 முதல் அந்நாட்டின் குருதித் தேவை முழுவதும் தன்னார்வக் கொடையாளர்களாலேயே நிறைவு செய்யப்படுகிறது.

கொடையாளருக்கான நடைமுறைச் சுருக்கம்

- முந்திய வாரங்களில்: இரும்புச்சத்து மிகுந்த உணவுகளை உயிர்ச்சத்து சி நிறைந்த உணவுகளுடன் உட்கொள்ளல், உணவுடன் தேநீரைத் தவிர்த்தல்.
- முந்திய நாள்: வழக்கத்தைவிடச் சற்று மிகுதியாக நீர் அருந்துதல், மதுவைத் தவிர்த்தல், போதிய உறக்கம்.
- கொடைக்கு 2 முதல் 4 மணி நேரத்திற்குள்: எண்ணெய் குறைந்த, மிதமான உணவு, சிறிது உப்புள்ள மோர் அல்லது கஞ்சி.
- கொடைக்குச் சற்று முன்: சுமார் 500 மில்லிலீட்டர் நீர்.
- கொடைக்குப் பின்: 10 முதல் 15 நிமிடங்கள் அமர்ந்து சிற்றுண்டி உண்ணல்; அன்று முழுதும் மிகுதியாக நீர் அருந்துதல்.
- பின்வரும் மாதங்களில்: இரும்புச்சத்து நிறைந்த உணவைத் தொடர்தல், விதிக்கப்பட்ட இடைவெளிக்குப் பின்னரே மீண்டும் வழங்குதல்.